அம்மாவின் ஜெபமும் என் கரண்டியும்

அம்மாவின் ஓராண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப்பேருக்காவது அம்மாவின் ஜெபத்தில் முழங்கால் மரத்துப்போயிருக்கும். முதலில் அதற்கு மகளாக மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

அம்மா சாத்தான்குளத்தில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் திருமணமானதும் தூத்துக்குடிக்கு வந்தார்கள். வந்த நாளிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். வீட்டுக்குள் வெள்ளம் வந்த வருடம் கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஜெபித்தோம். ஜெபமா அது? வீட்டில் நடந்ததையெல்லாம் ஆண்டவரிடம் கோள் சொல்வார்கள்.

"ஆண்டவரே, இவ ஆபீஸ்ல இருந்து வந்ததும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. கேட்டா சொல்ல மாட்டுக்கா. நீரே கேளும்."

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா கத்தோலிக்கர், எங்கள் சபை இல்லை, மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில்தான் இருப்பார். ஜெபமாலையை உருட்டியபடி சிரிப்பை அடக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா நோயில் கிடந்து இறந்தபின் நான் ஜெபத்தில் உட்காரவில்லை. அத்தனை நாள் கெஞ்சியும் அப்பாவைக் காப்பாற்றாதவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஏழு மணியானால் அடுப்படிக்குப் போய்விடுவேன். அம்மா வற்புறுத்தவில்லை. அதைவிட மோசமாக, என் ஆமென் வரும்வரை ஜெபத்தை முடிக்காமல் இருந்தார்கள். ரோஸ்லின் அக்காவின் சீரியலே முடிந்துவிடும், அம்மா அசைய மாட்டார்கள். ஒருநாள் ஆத்திரத்தில் தோசைக் கரண்டியால் கல்லில் ஓங்கித் தட்டினேன்.

"கேட்டீரா ஆண்டவரே, அவளும் ஆமென் சொல்லிட்டா" என்று எழுந்துவிட்டார்கள்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஏளா, ஒங்கிட்டயா கேட்டேன்?"

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். ஆறு வருடம் தட்டினேன்.

பிறகு பக்கவாதம் வந்து அம்மாவின் பேச்சு நின்றது. மருத்துவமனையில் ஏழு மணியானதும் என்னையே பார்த்தார்கள்.

"ஒன்னத்தான் பாக்காவ. ஜெபம் பண்ணு" என்றார் ரோஸ்லின் அக்கா.

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சதச் சொல்லு."

எனக்குத் தெரிந்தது கோள் சொல்வதுதான். "ஆண்டவரே, அம்மா மாத்திரைய முழுங்காமத் துப்புதாவ. ஆறு வருஷமா என்ன நிம்மதியா ஒரு தோசை சுட விடல. இப்ப என்னத் தனியா விட்டுட்டுப் போகப் பாக்காவ. எனக்குப் பயமா இருக்கு."

அதற்கு மேல் வரவில்லை. ஆனால் நான் சொன்னதை யாரோ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா போனபின் அப்படி எனக்குத் தோன்றியது அதுதான் முதல்முறை. அம்மாவின் ஆமெனுக்காகக் காத்திருந்தேன். உயிரோட்டமிருந்த இடக்கையை அம்மா மெல்ல நகர்த்தி, கல்யாண மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கர்த்தரிடம் போய்விட்டார்கள்.

அம்மாவைப் புரட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காமாருக்கும், வார்டுக்கு வந்து ஜெபித்த போதகருக்கும், அடக்கத்தன்று தெருவில் பந்தல் போட்ட அண்ணாச்சிமாருக்கும், முழங்கால் வலித்த அனைவருக்கும் எங்கள் நன்றி. ஏழு மணி ஜெபம் நிற்கவில்லை. இப்போது நான்தான் ஜெபிக்கிறேன். அம்மாவைவிட நீளம் என்று ரோஸ்லின் அக்கா புலம்புகிறார். பொறுக்க முடியாமல் அவர் டம்ளரைத் தட்டும்போது முடித்துக்கொள்கிறேன்.