அம்மா கொடுக்காத வேல்

அரக்கோணத்தில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்ததாக அண்ணன் சொன்ன நாள் முதல், அம்மா அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் நிற்கவில்லை. நடுவில் என்னை உட்காரவைத்து, "உங்கண்ணனுக்கு இன்னும் ரசம் வோணுமான்னு கேளு" என்பாள். நான் கேட்பேன். "ஆங், ஊத்தச் சொல்லு" என்பான். கைக்கெட்டும் தூரத்திலிருந்த இருவருக்கிடையே தபால் இலாகா நடத்திய அந்த அனுபவம், பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் எனக்கு மிகவும் உதவியது.

அண்ணன் போவதில் எனக்கு வருத்தமில்லை. போகும் முறையில்தான் குறை கண்டேன். மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைத்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாவான நைனா எனக்கு ஒரு கதை சொல்லியிருந்தார். சூரனோடு சண்டைக்குப் புறப்பட்ட முருகனுக்கு, அம்பாள் தன் சக்தியையெல்லாம் திரட்டி வேலாக்கித் தன் கையால் கொடுத்தாளாம். அதனால்தான் ஜெயித்தானாம். அப்பன் சிவன் கொடுத்ததாகவும் ஒரு பாடம் உண்டென்று அவரே ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டில் எதுவானாலும் அம்மா கொடுத்துத்தான் பழக்கம். ஆகவே முதல் பாடத்தையே நான் ஏற்றேன். வெறுங்கையோடு போனால் அண்ணன் தோற்பது நிச்சயம்.

எங்கள் ஊர்மீதும் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. மற்ற முருகன் கோயில்களில் சஷ்டியன்று சூரனைக் கொல்வார்கள். திருத்தணியில் சண்டையே கிடையாது. சண்டை முடிந்து, கோபம் தணிந்து சாமி வந்து உட்கார்ந்த மலை என்று கூடைகூடையாகப் பூவைக் கொட்டுவார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து சண்டைக்குப் போகிறவனுக்கு ஆயுதமும் இல்லையென்றால் எப்படி?

புறப்படும் நாளன்று, பூஜை மாடத்திலிருந்த சாண் நீளப் பித்தளை வேலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நைனா வந்தார். அம்மாவும் வந்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. அண்ணன் வண்டியேறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "போய்ட்டு வரேம்மா" என்றான். அம்மா தண்டவாளத்தைப் பார்த்தாள்.

இனியும் தாமதித்தால் காரியம் கெடும் என்று வேலை உருவி அம்மாவின் கையில் திணித்தேன்.

"நீ குடும்மா. நைனா குடுத்தா செல்லாது. அம்பாளே குடுத்தாங்க, நீ இன்னா பாத்துகினே கீற?"

தான் சொன்ன கதை பிளாட்பாரம் வரை வந்துவிட்டதில் நைனா வெலவெலத்துப்போய் என்னைப் பின்னுக்கு இழுத்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மலைச் சந்தனம் இருந்தது. அசுரன் எறிந்த சக்கரத்தைத் தாங்கிய மார்பு என்பதால் எங்கள் சாமிக்கு அங்கே சந்தனம் சாத்துவார்கள்; எந்தக் காயத்தையும் ஆற்றும் என்பது ஊர் நம்பிக்கை. அதை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"வேலு இங்கியே இருக்கட்டும்டா பெரியவனே. நீ வந்து வாங்கிக்கோ."

வண்டி நகர்ந்தது.

அண்ணன் வந்து வாங்கிக்கொண்டான், சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு. அன்று எனக்கு அது தெரியாதே. ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் அனுப்பிய தாய் எந்தப் புராணத்திலும் இல்லை என்று வழியெல்லாம் முறையிட்டுக்கொண்டு வந்தேன். அம்மா வேலின் கூரான இலைப்பக்கத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

வேலை அப்படிப் பிடிக்கக் கூடாது, காம்பைத்தான் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.