அம்மை குத்தப் போன இடத்தில் சதுரங்கம்

அம்மை வராமலிருக்க மருந்து குத்துகிறவன் தெருவில் நுழைந்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும். பிரெஞ்சு சர்க்கார் சம்பளத்தில் பாகூர்ப் பக்கம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். சதுரங்கத்தில் ஆரம்பத்திலேயே ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எட்டாவது நகர்த்தல்

பாகூர் ஏரிக்கரைத் தெருவில் கண்ணுசாமி சொன்னால்தான் மற்ற வீடுகள் கேட்கும். தன்னைச் சதுரங்கத்தில் ஜெயித்தால் தெருவே கை நீட்டும் என்றார் அவர். எடுத்த எடுப்பிலேயே ராணியை முன்னால் ஓட்டி மிரட்டினேன். அவர் நிதானமாகக் குதிரைகளை இறக்கி அதை மடக்கினார். எட்டாவது நகர்த்தலில் என் ராஜா சிக்கிக்கொண்டது. மருந்துப் பெட்டியைத் திறக்காமலே எழுந்தேன்.

"அடுத்த வருசம் வாங்க."

லூர்து மேரியின் பாடம்

வில்லியனூரில் நர்சாக இருந்த லூர்து மேரி, அண்ணன் தம்பிகளோடு ஆடிப் பழகியவள். தோற்ற ஆட்டத்தை அவளிடம் ஆடிக் காட்டினேன். அவள் காய்களைத் திருப்பி அடுக்கினாள். நடுச் சிப்பாய் இரண்டையும் ஒன்றுக்கொன்று துணையாக நிறுத்தினாள். குதிரைகளை நடுவைப் பார்த்து இறக்கினாள். ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கினாள். இவ்வளவும் ஆன பிறகுதான் ராணி அசையலாம் என்றாள். ரொம்ப மந்தமாக இருக்கிறதே என்றேன்.

"வூட்டப் பூட்டாம சந்தைக்கு ஓடுறீங்கண்ணே நீங்க."

மனப்பாடம்

மடுகரையில் ஒரு வண்டிக்காரரோடு அவள் சொன்னபடியே ஆடிப் பார்த்தேன். அவர் சிப்பாயால் என் குதிரைக்குக் குறி வைத்திருந்தார். நானோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி அடுத்த காயை நகர்த்தினேன். குதிரை போயிற்று, பின்னாலேயே ஆட்டமும்.

"நான் இன்னா ஆடுறேன்னு நீங்க பாக்கவே இல்லியே."

மறுபடியும் ஏரிக்கரைத் தெரு

அந்த வருஷம் மாசியில் பாகூரில் அம்மை கண்டது. ஏரிக்கரைத் தெருவில் ஒரு குழந்தை செத்துப்போனது. கண்ணுசாமி வீட்டுக் குழந்தை இல்லை, எதிர்வீட்டுக் குழந்தை.

அடுத்த முறை நான் போனபோது அவரே பலகையை எடுத்து வைத்தார். எனக்கு ஆட மனமில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். லூர்து மேரி சொன்னபடி நிறுத்தினேன். அவர் ஒவ்வொரு தடவை காயில் கை வைக்கும்போதும் ஏன் என்று யோசித்தேன். வெயில் சாய்கிறவரை ஆடியும் யாரும் ஜெயிக்கவில்லை. இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சின.

கண்ணுசாமி உள்ளே போய்ப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்தார். நான் ஜெயிக்கவில்லையே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"போன தடவ உங்க அவசரத்தப் பாத்து, இந்தக் கைலயா புள்ளைங்கள குடுக்கறதுன்னு பயந்துட்டேன். எதுர்வூட்டுப் புள்ள போனது நம்ம ரெண்டு பேராலதான்."

அன்று அந்தத் தெருவில் பதினேழு பிள்ளைகளுக்குக் குத்தினேன், அவசரப்படாமல். வேலை தெரிந்தவன் என்று பேர் வாங்க எனக்கு யாரும் ஜெயிக்காத ஓர் ஆட்டம் தேவைப்பட்டிருக்கிறது.