மீன் தண்ணீர் குடித்த சாமந்தி

மத்தி மீன் கழுவிய தண்ணீரைச் சாமந்தித் தொட்டியில் ஊற்றியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதே பழைய நாற்றம்.

தாம்பரம் வீட்டில் அப்பாவும் இப்படித்தான் ஊற்றுவார். கல்லறைத் திருநாளுக்குள், இறந்துபோன அம்மாவுக்கு வைக்கப் பூக்க வேண்டும். செதிலும் குடலும் மண்ணில் அழுகி, வாசலெல்லாம் ஈ மொய்க்கும். எனக்குச் சோறு இறங்காது. மழையில் மொட்டும் அழுகிவிடுமோ என்ற பயம் வேறு அப்பாவுக்கு.

“அண்ணிக்கு மீன் வாடையே ஆகாது. அவங்க கல்லறைக்குப் போய் இந்தப் பூவாண்ணா?” என்று அத்தை மூக்கைச் சுளிப்பாள்.

“கடைப் பூ சாயங்காலமே வாடிடுது. அவ என்னா, எழுந்து வந்து மோந்தா பாக்கப்போறா?” என்பார் அப்பா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த வருடம் அப்பாவும் அம்மா பக்கத்தில்தான். மொட்டு இன்னும் விரியவில்லை, வானம் வேறு கறுக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு சொம்பு ஊற்றினேன்.