தேன்குழல் சாம்ராஜ்யம்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன் நான். ஆண்டுதோறும் ஜூலையில் தொழிற்புரட்சியில் இறங்கி, தீபாவளிக்குள் ஏகாதிபத்தியத்தில் கரையேறிவிடுவேன். குறிப்பு எதுவும் தேவையில்லை, வாய் தானாகப் பேசும். மான்செஸ்டரில் ஆலை ஓடியது, துணி குவிந்தது, குவிந்ததை உள்ளூரில் உடுத்தி மாளவில்லை, அதனால் கப்பலேறி ஊர் ஊராக ஆள் தேடிப் போனார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். "சந்தையைத் திற, யாரும் யாரையும் தடுக்காதே" என்ற தத்துவம் அவர்களுக்கு எப்போது ருசித்தது? இயந்திரம் கைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன்னால், இந்தியத் துணி உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டவர்களும் அதே ஆட்கள்தான். இந்த இடத்தில் மேசையை ஓங்கித் தட்டுவேன். பின்வரிசையில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

உதாரணத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. பெரிய வீடுகளின் தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது, இரும்பு உத்தரம் சீமையிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் பர்மாவைப் பிடித்ததும் பின்னாலேயே நம் வணிகர்கள் போய்க் கடை விரித்தார்கள், வந்த லாபம் இங்கே வீடாக எழுந்து நின்றது. எங்கள் குடும்பம் மட்டும் எங்கும் போகவில்லை. நெற்குப்பைப் பக்கம் கொஞ்சம் நிலத்தை உழுதுகொண்டு அங்கேயே கிடந்தது. "ஆகையால் ஏகாதிபத்தியத்தில் உங்கள் வாத்தியார் குடும்பத்துக்குப் பைசா பங்கு கிடையாது" என்று வகுப்பில் மார்தட்டுவேன். எங்கள் வீட்டுக்கு மிஷின் வரும் வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி வீட்டிலேயே தேன்குழல் பிழிந்து எங்கள் தெருக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொழில் கற்றுக்கொடுத்தது என் அக்கா. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள், பக்கத்தில் கோட்டையூரில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் இறந்த பிறகு கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுத்துத்தான் ஒரே மகளைப் படிக்க வைத்தாள். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. காரைக்குடி என் மனைவிக்கு, கோட்டையூர் அக்காவுக்கு என்று இருவருக்கும் இடையில் பேசாமலே ஓர் ஒப்பந்தம் இருந்தது. வல்லரசுகள் கூட இவ்வளவு நாகரிகமாக எல்லை பிரித்துக்கொண்டதில்லை.

அந்தக் காலத்தில் என் மனைவி கடுமையான சுதேசி. மதுரையிலிருந்து ஒரு வேன்காரர் எங்கள் தெருமுனைக் கடையில் முறுக்குப் பாக்கெட்டுகளைத் தொங்கவிட்ட அன்று, நேராகக் கடைக்குப் போய் நின்றாள்.

"ஏண்ணே, நாங்க இங்குட்டு அடுப்புல வெந்துக்கிட்டு இருக்கோம். நீங்க வெளியூர்ச் சரக்கை வாங்கித் தொங்கவிட்டுருக்கீக. நல்லாவா இருக்கு?"

கடைக்காரர் பாக்கெட்டுகளை அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டார்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து மிஷின் வந்திறங்கியது. வீட்டுக்குப் பின்னால் மாடு இல்லாமல் கிடந்த கொட்டகைக்குச் சிமெண்டு பூசி, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினோம். ஒரு காலை முழுக்கக் கை வலிக்கப் பிழிகிற மாவை, ஊற்றிவைத்த காபி ஆறுவதற்குள் அது பிழிந்து தள்ளிவிட்டது. என் மனைவி கைதட்டினாள். நானும் தட்டினேன். வரலாற்றுப் பேராசிரியன் அந்த இடத்தில் ஓடியிருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே வீட்டில் தேன்குழல் இல்லாத பாத்திரம் இல்லை. அரிசி டின்னில் தேன்குழல், புளிப் பானையில் தேன்குழல். என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். உடன் வேலை செய்கிற ஆசிரியர்கள் முதலில் நன்றி சொன்னார்கள், அப்புறம் என்னைக் கண்டாலே ஒதுங்கினார்கள். மிஷினை நிறுத்தலாமே என்றால், உதவிக்கு வந்த இரண்டு பெண்கள் சும்மா உட்கார வேண்டும். ஓட்டினால் சரக்குக்கு வாய் வேண்டும். இருபது வருடமாக நான் கரும்பலகையில் போட்ட அம்புக்குறிகள் எல்லாம் கொட்டகைக்குள் உயிரோடு நடமாட ஆரம்பித்தன.

ஒரு நாள் போனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊர்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நெற்குப்பை நம்ம சொந்த ஊரு, அங்க சொல்லவே வேணாம். இளையாத்தங்குடி கோயிலுக்கு நாளும் கெழமையும்னா கூட்டம் வரும். போயி ரெண்டு கடையில பேசிட்டு வாங்களேன்."

"ஊர் ஊருக்குப் பலகாரம் போடுறவங்க இருப்பாங்களே. நீதானே வெளியூர்ச் சரக்கு வரக்கூடாதுன்னு சண்டை போட்டே?"

"அது அப்ப. சந்தைன்னா எல்லாருக்கும் பொதுதானே? பிடிச்சவுக வாங்கட்டும், பிடிக்காதவுக விடட்டும். யாரு கையைப் பிடிச்சு இழுக்குறா?"

ஒரு மிஷின், மூன்றே வாரம். சுதேசி கரைந்து தடையற்ற வணிகம் பிறந்துவிட்டது. இங்கிலாந்துக்கு இதற்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. இதை அவளிடம் விளக்க முற்பட்டேன். "ஒங்க பாடத்தைக் காலேஜுல வையிங்க, வண்டிச் சாவியை எடுங்க" என்றாள்.

ஆக, கப்பல் நான்தான். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. ஏகாதிபத்தியத்தைத் திட்டிவிட்டு வந்த அதே வாயோடு கடைக்காரர்களிடம் போய், "சாம்பிளுக்கு வச்சுப் பாருங்க, போகலைன்னா திருப்பி எடுத்துக்கிறேன்" என்பேன். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. பிடித்திருந்தது. ஒவ்வொரு புதிய கடையும் பிடிபடும்போது உடம்பு முழுக்க ஒரு குஷி ஓடும். பாடத்தில் இதை யாரும் எழுதுவதில்லை.

கப்பலோடு நிற்கவில்லை, தத்துவமும் நானே எழுதினேன். பாக்கெட்டில் ஒட்டும் லேபிளுக்கு ஒரு வாசகம் வேண்டும் என்றாள் மனைவி. படித்தவன் வீட்டில் இருக்கும்போது வெளியே கேட்பானேன்? பேனாவைக் கடித்து யோசித்து, "கை படாமல் செய்தது" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று சொல். அதன் கீழே மனைவியின் போன் எண். அச்சாகி வந்த லேபிளை நானே நாலு முறை படித்து ரசித்தேன்.

கோட்டையூரை மட்டும் தொடக்கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம். ஆனால் பள்ளத்தூருக்குப் போகிற வழியில் கோட்டையூர் வருகிறதே, என்ன செய்ய? ஒரு நாள் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் டீ குடிக்க நின்றேன். கடைக்காரர் மூட்டையைப் பார்த்து, "எங்களுக்கும் பத்துப் பாக்கெட் குடுத்துட்டுப் போங்க சார்" என்றார். நானாகவா போனேன், அவராகத்தானே கேட்டார் என்று கொடுத்துவிட்டேன். வங்காளத்துக்குள் நுழைந்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். அக்காவிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்தத் தையில் அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது. தாய்மாமன் நான். மேளதாளத்தோடு சீர்த்தட்டு எடுத்துப்போக வேண்டும், ஒற்றைப்படையில். பதினொன்றோ இருபத்தொன்றோ போதும் என்று நினைத்திருந்தேன். ஐம்பத்தொன்று என்றாள் மனைவி. பட்டு, பழம், தேங்காய், பூ இதற்கெல்லாம் பதினோரு தட்டு. மீதி நாற்பதிலும் தேன்குழல்.

"ஒரே மருமக. மதினி நமக்குச் செஞ்சதுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

சத்தியமாக அன்பில்தான் சொன்னாள். மூன்று நாள் தூங்காமல் வேலை செய்தாள். பாக்கெட் போட்டால் நொறுங்காது என்று பாக்கெட்டும் போட்டாள். பாக்கெட் என்றால் லேபிள் இல்லாமலா? உதவிக்கு வந்த பெண்கள் வழக்கம்போல ஒட்டித் தள்ளிவிட்டார்கள். எங்கள் யாருக்கும், எனக்கும்தான், ஒரு நிமிடம் கூட உறைக்கவில்லை.

கோட்டையூர்ப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஐம்பத்தொரு தட்டும் வரிசையாகப் போனது. நான் மாலையோடு முன்னால் நடந்தேன். சன்னலுக்குச் சன்னல் தலைகள். ஒரு தளபதி மாதிரிதான் நடந்திருப்பேன். மண்டப வாசலில் அக்கா ஆரத்தி எடுத்து, எங்களை வாங்க வாங்க என்று கையைப் பிடித்து அழைத்துப்போனாள். சீர் வந்துவிட்டால் அதைத்தான் பந்தியில் முதலில் பரிமாற வேண்டும் என்பது முறை. பாக்கெட்டுகள் வரிசை வரிசையாகக் கை மாறின.

அக்காவிடம் வருடக்கணக்காகப் பலகாரம் வாங்குகிற, அந்தத் தெருப் பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லேபிளைச் சத்தமாகவே படித்தார்.

"கை படாமல் செய்தது. அப்படியா? பரவாயில்லையே, சுத்தமா இருக்கும்ல. நம்பரும் போட்டுருக்காகளே."

பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஆச்சிக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, எழுதியிருந்ததைப் படித்தார், அவ்வளவுதான். அக்கா சிரித்த முகத்தோடு சொன்னாள்:

"ஆமா ஆச்சி, எந் தம்பி எழுதுனது. படிச்சவன்ல."

பெருமையாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு, மாலையைக் கழற்றி வைக்க மணமகள் அறைப் பக்கம் போனேன். சுவரோரம் எட்டு டின்கள் இருந்தன. மேலே துணி போட்டுக் கட்டியிருந்தது. மகள் கல்யாணத்துக்கென்று அக்கா தன் கையால் பிழிந்து நிரப்பியவை. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"இதை ஏங்க்கா பரிமாறலை?"

"தாய்மாமன் சீரு வந்தா அதைத்தானடா மொதல்ல குடுக்கணும். அதுவே எல்லாருக்கும் போதும் போதும்னு ஆயிருச்சு. வந்தவுகளுக்கு வயிறு ஒண்ணுதானே?" என்று என் தோளில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து மனைவியின் போன் ஓயவில்லை. எல்லாம் கோட்டையூர். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம். முதல் இரண்டு நாள் உற்சாகமாகக் குறித்துக்கொண்டவள், மூன்றாம் நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இது மதினி வீட்டு ஆளுகல்ல?" என்று என்னைப் பார்த்தாள். அன்றே உத்தரவு போட்டாள், கோட்டையூர் ஆர்டர் இனி வேண்டாம் என்று. கூப்பிட்டவர்களிடம் தன் வாயாலேயே, "எங்க மதினி அங்கயே இருக்காக, அவுகக்கிட்ட சொல்லுங்க, எங்களைவிட நல்லாச் செய்வாக" என்று கெஞ்சினாள். மறுமுனையில் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"அது கையால பிசையிறதும்மா. எங்களுக்கு இந்தக் கை படாததே குடுத்துருங்க."

படைகளைத் திருப்பி அழைக்கலாம். மூன்று சொல்லைத் திருப்பி அழைக்க வழி தெரியவில்லை. அந்தச் சொற்கள் நான் கொண்டுபோகாத தெருக்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. லேபிளை நிறுத்தினோம், ஆனாலும் ஆட்கள் நிற்கவில்லை. நாம் கொடுக்காவிட்டால் மதுரை வேன்காரரிடம் வாங்குவார்கள், அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க அக்காவுக்கு ஓர் ஆர்டரும் வரவில்லை என்று அவள் மகள் போனில் சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, கல்லூரிக்குக் கிளம்பிக் கொட்டகைப் பக்கம் வண்டியை எடுக்கப் போனேன். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய அக்கா, சாப்பாட்டுத் தூக்கோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். மனைவி மாவுக் கையோடு எழுந்து ஓடிவந்தாள்.

"வாங்க மதினி, வாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவுகளை வண்டியில அனுப்பியிருப்பேனே."

"எண்ணெய்ச் சட்டிக்கு ஆளு வேணும்னு சொன்னியாமே ஆத்தா. அதான் வந்தேன்."

"ஒங்களையா மதினி?" என்றாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன், எனக்குப் பலகாரம் வராதா? மத்த பிள்ளைகளுக்கு என்ன குடுக்கிறியோ அதை எனக்கும் குடு."

நான் குறுக்கே போனேன். "அக்கா, நீ இதெல்லாம் செய்ய வேணாம். மாசாமாசம் நான் குடுத்துடுறேன்."

"நீ சீருன்னு செஞ்சதுலயே ஊருக்கே கண்ணு நெறஞ்சுபோச்சு தம்பி. போதும்" என்றாள். கோபம் ஒரு துளியும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அவள் எதிரில் அழக்கூட யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அக்கா தூக்கை ஆணியில் மாட்டினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மனைவி பச்சைப் பொத்தானைக் காட்ட, அக்கா ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அமுக்கினாள். மிஷின் பிழியத் தொடங்கியது. சட்டி நிறைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

அவள் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அங்குட்டு நில்லு தம்பி. காலேஜுக்குப் போற சட்டையில எண்ணெய் தெறிச்சிரும்."

நான் நகர்ந்து நின்றேன்.