பின்கதவில் கிண்டிய பருப்புத் தேங்காய்

பழைய ஸ்டேஷன் வேகனை வைத்துக்கொண்டு காட் என்கிற மலைப்பாதை ஏறிப் புனே வரை போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பேஷாகப் போகலாம். நான் கல்யாணச் சீரையே ஏற்றிக்கொண்டு போனவள். எண்பத்தாறாம் வருஷம், மே மாதம். என் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் புனேக்காரர்கள், மண்டபமும் அங்கேதான்.

நாங்கள் செம்பூரில் இருந்தோம். வண்டி அறுபத்து மூன்றாம் வருஷத்து மாடல். பின் சீட்டை மடக்கினால் ஆள் நீட்டிப் படுக்கலாம். பின்கதவு கீழே இறங்கி மேஜை மாதிரி நிற்கும். ஓட்டுவது நான். என் வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங் என்றாலே உதறல். பின்தளத்துக்கு ரெக்ஸின் தைத்துக் கொடுத்த தாராவி சுலைமான் பாய், தோல் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். "எக்கா, இத விக்கதா இருந்தா மொதல்ல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும், ஆமா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். கேட்கும்போது எனக்குக் காலர் இல்லாத குறைதான்!

என் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், வேறு ரகம். அப்போதுதான் புதுச் சின்ன கார் வாங்கியிருந்தார். "ராஜி, இந்த ஆம்புலன்ஸைப் பங்காருக்குப் போடு. குர்லாவுல ஆள் பாத்து வெச்சிருக்கேன்" என்பார். பங்கார் என்றால் நம்மூர்க் காயலான் கடை. சீரை நான் ஏற்றி வருகிறேன் என்றதும் சிரித்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு முறுக்கு உடைஞ்சாலும் வண்டியை வித்துடறேன், போறுமா?" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்தாயிற்று, இனி காப்பாற்றியாக வேண்டும்.

அப்படியும் ஜோடிப் பருப்புத் தேங்காயை அவர் என்னிடம் தரவில்லை. வெல்லப்பாகில் கடலையைச் சேர்த்துக் கூம்பாகப் பிடிக்கிற பட்சணம் அது. சீர்த் தட்டுகளில் அதற்குத்தான் முதல் இடம். உடைந்தது என்றால் சம்பந்தி வீட்டில் தலை காட்ட முடியாது. "இது நம்ம கார்லயே வரட்டும்" என்று இரண்டையும் அக்கா மடியில் வைத்துவிட்டார்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வாஷி பாலம், பன்வேல், கொபோலி, பிறகு கண்டாலா காட். புனேக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பெட்ரோலுக்கு நூற்றைம்பது ரூபாய் ஆனது. பன்வேலில் அத்திம்பேர் ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களை முந்திப் போனார். காட் ஏற்றத்தில் நான் முதல் கியரை விடவில்லை. பாதியில் ஒரு முறை நிறுத்தி, வண்டி மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தேன். பின்னால் ஏழு சுற்று முறுக்குகள் வேட்டி மடிப்புகளுக்கு நடுவே சுகமாகத் தூங்கின.

லோனாவாலா வந்ததும் பார்த்தால், புதுக் கார் மரத்தடியில் நிற்கிறது, அக்கா ரோட்டில் நின்று அழுகிறாள்.

"என்னாச்சுக்கா?"

"லாரி குறுக்க வந்துடுத்து. இவர் ஒரே அமுக்கா பிரேக்கை அமுக்கிட்டார். ரெண்டும் போச்சுடி ராஜி!"

சீட்டுக்கடியில் வெல்லமும் கடலையும் செருப்புகளோடு கிடந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. அத்திம்பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், ஒரு நிமிஷம் இருந்தது. அக்காவைப் பார்த்ததும் போய்விட்டது.

அப்போது என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "ஏண்டி, இது சிக்கி ஊர் இல்லையோ?"

லோனாவாலாவில் தடுக்கி விழுந்தால் கடலைச் சிக்கிக் கடை. அதுவும் வெல்லமும் கடலையும்தானே! நாலு கிலோ கேட்டேன். கடைக்காரர், "இத்னா கோன் காயேகா?" என்றார், இவ்வளவையும் யார் தின்பது என்று.

"கோயி நஹி காயேகா, ஷாதி மே கடா ரஹேகா" என்றேன். யாரும் தின்னப் போவதில்லை, கல்யாணத்தில் நிற்கப் போகிறது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பின்கதவை இறக்கினேன். ரோட்டு டீ என் வீட்டுக்காரருக்கு ஆகாது என்பதால் காபிக்கு பம்ப் ஸ்டவ் எப்போதும் வண்டியிலேயே இருக்கும். பருப்புத் தேங்காய் பிடித்த தகரக் கூடுகளும் இருந்தன. மாட்டுங்காவில் ஒரு மாமியிடம் இரவல் வாங்கியவை, திருப்பித் தரச் சோம்பல்பட்டு ஏற்றியபடியே கிடந்தன. சீர்ப் பாத்திரங்களிலிருந்து உருளியை எடுத்தேன். சிக்கியை உடைத்துப் போட்டு, துளி தண்ணீர் தெளித்து, இளகவிட்டுக் கிண்டினேன். காற்று அடுப்பை அணைக்காமல் இருக்க அத்திம்பேர் தன் சபாரி கோட்டைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கூட்டுக்குள் நெய் தடவிக் கொடுத்தாள். சுடச்சுட அடைத்து, ஆறியதும் தட்டினேன். ஒரு விள்ளல்கூட உதிராமல் இரண்டும் நிமிர்ந்து நின்றன. போகிற லாரிக்காரர்கள்கூட வேகம் குறைத்துப் பார்த்தார்கள்.

அங்கிருந்து புனே வரை பருப்புத் தேங்காய் என் வண்டியில். அத்திம்பேரும் என் வண்டியில், இரண்டு கையாலும் அவற்றை அணைத்தபடி. புதுக் காரை, அதில் கூட வந்திருந்த அவர் தம்பி ஓட்டி வந்தான்.

நாலு மணிக்கு மண்டபம். சம்பந்தி மாமி தட்டைச் சுற்றி வந்து, "கறுப்பா பளபளன்னு இருக்கே, பாகுப் பதம் யாரோடது?" என்று கேட்டாள். அத்திம்பேர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க மச்சினியோடது. அவளோட வண்டியிலதான் வந்தது" என்றார். ஒரு முறுக்கும் உடையவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: விடியலில் கிளம்புங்கள். காட் ஏற்றத்தில் முதல் கியரை விடாதீர்கள். தண்ணீர் இரண்டு கேன் வேண்டும். பழைய வேகன் வாங்குவதானால் எஞ்சினைப் பார்க்கும் முன் பின்கதவு கீழ்ப்பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். மேலே தூக்குகிற கதவில் மழைக்கு ஒதுங்கலாம், சமைக்க முடியாது.

அன்று மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்த அக்கா, அந்தச் செந்தண்ணீரைக் கொட்ட வாசலுக்கு வந்தாள். கொட்டுமுன் விரலைத் தோய்த்து, நேரே என் வண்டியிடம் போய், பானெட்டில் ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்தில் பளபளவென்று புதுக் கார் நின்றது, அதற்கு வைக்கவில்லை. அத்திம்பேர் பார்த்தார். "குர்லாக்காரனுக்கு நானே வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். அந்தப் பொட்டை நான் துடைக்கவே இல்லை.