தம்பி பவேரியாவில் இல்லை

தம்பி இங்கே ஜெர்மனிக்குள்ளேயே, பவேரியாவுக்குச் சைக்கிள் ஓடப் போயிருக்கிறான் என்றுதான் நானும் அவனும் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம். உண்மையில் அவன் போனது பெரு நாட்டுக்கு, அந்தீஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு.

இன்று எசன் நகரத் தமிழ்க்கடையில், கடைக்கார அக்கா அம்மாவிடம் தன் போனை நீட்டினார்.

"உங்கட மகன் பெருவில என்ன மாதிரிச் சைக்கிள் ஓடுறார், பாருங்கோ!"

முந்தநாள் அவன் போட்ட படம். மலை விளிம்பில் தம்பி, பக்கத்தில் புல் மேயும் ஒரு லாமா. கீழே முதல் ஹார்ட் என்னுடையது.

அம்மா என்னைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமோ?"

"ஓம், அம்மா."

"இப்ப எங்க நிக்கிறான்?"

அதுதான் எனக்கும் தெரியாது. அந்தப் படத்துக்குப் பிறகு அவனுக்குச் சிக்னலே இல்லை.

வீடு வந்ததும் அம்மா தனக்கும் ஒரு அக்கவுண்ட் திறக்கச் சொன்னார்.

ஆகவே, அவன் சுகமாக இருக்கிறான் என்று யாராவது இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். அவனைத் தெரியாதவர்களும் எழுதலாம். அம்மா வாசித்துக்கொண்டிருக்கிறார்.