ஒரு காருக்கு இரண்டு இன்சூரன்ஸ்

இந்த வருஷமாவது மிச்சம் பிடிக்கலாம் என்று, நேற்று ஆன்லைனில் நாலு கம்பெனி பார்த்து, விலை குறைவாகக் கார் இன்சூரன்ஸ் போட்டேன்.

இன்று காலை அனுமந்தன்பட்டியிலிருந்து மச்சினன் போன். அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"மாமா, நீங்க அலைய வேணாம்னு ஒங்க கார் பாலிசிய நானே கட்டிட்டேன். காச மெதுவா குடுங்க."

விலை? என்னுடையதைவிட இரண்டாயிரம் அதிகம்.

ஒன்றை ரத்து செய்தாக வேண்டும். மனைவியிடம் சொன்னேன்.

"என் தம்பி போட்டதத் தாராளமா ரத்து பண்ணிருங்க. அடுத்த மாசம் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் இல்லாம யார் மடியில உக்கார வைப்பீக?"

என் பாலிசியையே ரத்து செய்யச் சொல்லிக் கம்பெனிக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் பேசினார். இன்னொரு பாலிசியின் நகல் வேண்டுமாம். ரத்துக் கட்டணம் போக மீதிதான் வருமாம். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

"இதுதானே சார் விலை கம்மி? எதுக்கு கேன்சல் பண்றீங்க? காரணம் போடணும்."

"மகளுக்குக் காதுகுத்தும்மா. மச்சினன் ஏஜென்ட்."

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"புரியுது சார். இங்க வேலை பாக்குற நானே என் வண்டிக்கு எங்க சித்தப்பாகிட்டதான் போட்டிருக்கேன். அவரு வேற கம்பெனி."

உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் உங்களுக்கு என்ன உறவுமுறை?